நாணயமே சிறந்த விளம்பரம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

 

நம் மஹல்லாவில் பெரும்பாலோர் சிறு வணிகர்கள். மளிகை, தையல், துணி, இறைச்சி, தேநீர்க்கடை என்று அன்றாட விற்பனையை நம்பி அடுப்பெரிப்பவர்கள். "ஹஜ்ரத், வியாபாரத்திற்கு துஆச் செய்யுங்கள்" என்று அவர்கள் கேட்காத ஜும்ஆ இல்லை. துஆ அவசியம், அதனுடன் முயற்சியும் அவசியம். ஆகவே மந்தமான காலத்தில் அதிகச் செலவின்றி வணிகத்தை வளர்க்கும் வழி யாது என்பதை மார்க்கத்தின் வெளிச்சத்தில் இன்று சிந்திப்போம்.

மந்தம் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. 2016 நவம்பர் 8 அன்று ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது ரொக்கத்தை நம்பிய கடைகள் திகைத்து நின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரங்களில் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. தோப்புக்காரர் கையில் காசு இல்லாதபோது கடைத்தெருவிலும் காசு இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடைகளோடு பள்ளிவாசல்களும் மூடிக் கிடந்தன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடைக்காரர்களைக் கேளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆண்டுதோறும் அவர்களுக்கு அது ஒரு மந்தகாலம். யூசுஃப் நபி (அலை) அவர்கள் ஏழாண்டு விளைச்சலைச் சேமித்து ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொண்ட வரலாறு நமக்குப் போதிப்பதும் இதுவே. செழிப்பும் வறட்சியும் மாறி மாறி வரும். அறிவாளி இரண்டுக்கும் ஆயத்தமாக இருப்பான்.

பெருமக்களே! முதலீடு இல்லையே என்று வருந்துவோர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் செல்வராக இருந்தவர் அனைத்தையும் விட்டு மதீனா வந்தார். அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தையில் வாங்கி விற்று, அன்றே பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார். அவர் கடன் கேட்கவில்லை, கடையும் கேட்கவில்லை. மக்கள் கூடும் இடம் எது என்பதையே கேட்டார். வணிகத்தின் முதற்பாடம் இதுதான். வாங்குபவர் வரட்டும் என்று காத்திராமல் அவர் இருக்குமிடம் செல்லுதல் வேண்டும்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டைப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றனர். முதலில் கேலி பேசினார்கள். ஆனால் அப்பெண்கள் பேருந்துக்குக் காத்திராமல், தங்கள் விளைபொருளைச் சைக்கிளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்றனர். விற்கும் ஊர்களும் பெருகின, விற்கும் நேரமும் பெருகியது.

இன்று அந்தச் சைக்கிளின் இடத்தில் கைபேசி இருக்கிறது. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடையின் பெயர், திறக்கும் நேரம், பொருள், விலை அனைத்தையும் கட்டணமின்றிப் பதியலாம். கூகுள் வரைபடத்திலும் கடையை இலவசமாகச் சேர்க்கலாம். வெளியூர்ப் பயணி தேடி வருவார். வீட்டிலிருந்தபடி தைக்கும், மசாலாப் பொடி இடிக்கும் நம் சகோதரிகளுக்கு இது பெரும் வாய்ப்பு. வீட்டு இளைஞர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், தாய்க்கும் தமக்கைக்கும் கற்றுக்கொடுத்து விடலாம்.

எனினும் விளம்பரத்திற்கும் ஷரீஅத்தில் வரம்பு உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாதவர், பிறரை ஏமாற்றுவதற்காகப் பொருளின் விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். வாங்காத உறவினரைக் கொண்டு "அருமையான கடை" என்று ஐந்து நட்சத்திரம் போடச் செய்வது இதற்கு எவ்வகையில் வேறுபட்டது? விலையை முதலில் உயர்த்தி எழுதிப் பிறகு பாதி விலை என்று அறிவிப்பதும் ஏமாற்றுதலே. சாலையோரம் ஆளுயரப் பிளக்ஸ் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2019 செப்டம்பரில் சென்னையில் இளம்பெண் ஒருவர் மீது பேனர் சரிந்து, அவர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், பாதையில் இடையூறை நடலாமா?

மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். இதைவிடச் சிறந்த வணிகப் பாடம் இல்லை. "இந்தத் துணி சாயம் போகும், அதை எடுங்கள்" என்று கடைக்காரர் சொல்லும் ஒரு சொல், அந்த வாடிக்கையாளர் வாயிலாகப் பத்து வீடுகளுக்குச் செல்லும். அதற்கு ஒரு காசு செலவில்லை. சரியான எடை, சொன்ன நாளில் தைத்துத் தருதல், மலர்ந்த முகம் இவையும் அவ்வாறே.

இறுதியாக, வாங்குவோராகிய நம்மிடம் ஒரு கேள்வி. கையில் காசில்லாதபோது தெருமுனைக் கடையில் பற்று எழுதுகிறோம். காசு வந்ததும் நகரத்துப் பெரிய கடைக்குச் சென்று ரொக்கம் கொடுக்கிறோம். அந்தச் சிறு கடைக்காரர் எதைக் கொண்டு சரக்கு எடுப்பார்? வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழியின் கருத்து. நாம் தராத பாக்கிதான் நம் சகோதரரைத் தண்டல்காரரிடம் அனுப்புகிறது. வட்டி என்னும் பெரும்பாவத்தின் வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பிறகு அவருடைய வியாபாரத்திற்கு நாம் துஆச் செய்து என்ன பயன்? இன்று வீடு திரும்பும் வழியிலேயே, இயன்றவர்கள் அந்தப் பற்றுக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். உண்மையாகவே இயலாதவருக்குக் கடைக்காரர் தவணை கொடுக்கட்டும். அதற்கு அல்லாஹ்விடம் நற்கூலி உண்டு.

நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் நம் மஹல்லாவின் சிறுகடைகள், கைத்தொழில்கள், வீட்டில் தொழில் செய்யும் சகோதரிகளின் தயாரிப்புகள் அனைத்தையும் கட்டணமின்றி இரண்டு பக்கங்களில் வெளியிடுங்கள். சகோதரிகள் விரும்பினால் வீட்டு ஆண்களின் தொடர்பு எண்ணைக் கொடுக்கலாம். பெரிய விளம்பரம் தர இயலாதவர்களுக்கு ஜமாஅத்தே விளம்பரமாக நிற்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் வணிகத்தில் உண்மையையும், உண்மையில் பரக்கத்தையும் தருவாயாக! கடன்பட்டோரின் கடனை நிறைவேற்றித் தருவாயாக! ஹராமை விட்டு எங்களைக் காத்து, ஹலாலைக் கொண்டு போதுமாக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.