ஆயிரம் உணரிகளும் ஓர் ஆய்வகமும்

சுற்றுச்சூழல் கண்காணிப்புக்கான உணரி வலையமைப்புகள் குறித்த இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்புக் குழுவினருக்கு நன்றி.

தருமபுரி மாவட்டத்துக்கு அளவீடு புதிதல்ல. காவிரியில் ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி என்று காலைச் செய்தியில் கேட்டதுமே, இன்று பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்க விடுவார்களா என்று இங்குள்ளவர்கள் கணித்துவிடுவார்கள். அதற்குச் சற்று மேலே, பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்கு விட வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த 177.25 டி.எம்.சி. அங்கேதான் அளக்கப்படுகிறது.

மாநிலங்களின் வழக்கையே தாங்கும் எண் எப்படி உருவாகிறது? மட்டமானி நீரின் உயரத்தை மட்டுமே காட்டும். ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து, உயரத்தை ஓட்டமாக மாற்றும் வளைகோட்டை வரைய வேண்டும். வெள்ளம் வந்து படுகை மாறிவிட்டால் அதைத் திருத்தி வரைய வேண்டும். ஒரே நிலையத்துக்கு இவ்வளவு பராமரிப்பு என்றால், ஆயிரம் நிலையங்களை நிறுவப்போகும் நாம் என்ன செய்யப்போகிறோம்? இக்கருத்தரங்கின் முன் நான் வைக்கும் கேள்வி இதுதான்.

மாவட்டத்தின் இன்னொரு நீரைப் பாருங்கள். பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. மீறினால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும், நாளடைவில் எலும்பையும் தாக்கும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் செயல்பாட்டுக்கும் வந்தது. ஆனாலும் ஆழ்துளைக் கிணறுகளைக் கண்காணிக்காமல் இருக்க முடியாது. அடுத்தடுத்த இரு கிணறுகளிலேயே அளவு வேறுபடலாம்.

அப்படியானால் கிணற்றுக்கொரு ஃபுளோரைடு உணரி வைத்துவிடலாமே என்று தோன்றும். அதை அளக்கும் மின்முனை இருக்கிறது. ஆனால் மாதிரியில் தாங்கற்கரைசல் கலக்க வேண்டும். அடிக்கடி அளவுதிருத்தமும் செய்ய வேண்டும். கிணற்றில் இறக்கிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளல்ல. நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் அளக்கும் கருவிகளோ நீண்ட நாள் உழைக்கக்கூடியவை. அதிகச் செலவும் வைக்காதவை. அவற்றை ஊரெங்கும் வைக்கலாம். அவை ஃபுளோரைடைச் சொல்லமாட்டா. ஆனால் எந்தக் கிணற்றில் மாற்றம் தெரிகிறது, எதை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க உதவும். எதைப் பரவலாக அளப்பது, எதைக் குறைவாகவும் துல்லியமாகவும் அளப்பது என்று பிரித்தறிவதே வலையமைப்புப் பொறியியலின் முதல் பாடம்.

தகவல் அனுப்பும் வழி பெரிய தடையல்ல. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம். சிறு மின்கலத்திலேயே பல கிலோமீட்டர் எட்டும். வத்தல்மலை போன்ற மலைகள் குறுக்கிடும் இடங்களில் உயரத்தில் ஓர் இடைநிலையம் வேண்டும். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: சூரியத் தகட்டின் தூசியைத் துடைப்பவர் யார்? ஈரம் புகுந்த பெட்டி பொய்யளவு அனுப்பினால் கண்டுபிடிப்பவர் யார்?

ஆகவே அமர்வுகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வோர் அளவோடும் கருவி கடைசியாகத் திருத்தப்பட்ட நாளும் மின்கல நிலையும் சேர்ந்தே பதிவாக வேண்டும். திருத்தாத மூலத் தரவை அழிக்கக் கூடாது. திட்ட மதிப்பீட்டில் பராமரிப்புக்கும் ஆய்வகத்துக்குமான தொகையை முதல் நாளே ஒதுக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத திட்டத்தை எத்தனை ஆயிரம் உணரிகள் கொண்டிருந்தாலும் ஏற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.