நிலம்பூர்த் தேக்கும் நிலம்பூர் மக்களும்



நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் நான் பல்லாண்டுகள் ஆசிரியனாகப் பணியாற்றினேன். அங்கிருந்து நாடுகாணி மலைப்பாதை வழியே கீழிறங்கினால் கேரள மாநிலத்து நிலம்பூரை அடையலாம். எங்கள் மலையில் பெய்யும் மழை பாண்டியாறாக ஓடி, புன்னப்புழையாகி, அவ்வூரைத் தொட்டுச் செல்லும் சாலியாற்றில் கலக்கிறது. 1956ஆம் ஆண்டு வரை நிலம்பூரும் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே அதனை அயலூராக நான் என்றும் எண்ணியதில்லை.

மரத்தால் பிழைத்த ஊர் அது. கூப்பில் வெட்டிய தேக்கை யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்து வரும். பச்சைத் தேக்கு நீரில் எளிதில் மிதவாது. அதனால் மூங்கில்களோடு சேர்த்துக் கட்டித் தெப்பமாக்குவர். ஆற்றில் நீர் பெருகும் காலத்தில் அத்தெப்பங்கள் மேற்கே புறப்படும். கோழிக்கோட்டை அடுத்த கல்லாயி மரச்சந்தைக்கும், மரக்கலம் கட்டும் பேப்பூருக்கும் அவை போய்ச் சேரும். வெட்டுவோர், பாகர், தெப்பம் செலுத்துவோர், மரம் அறுப்போர் எனப் பலருக்கும் அந்த ஆறே சோறிட்டது. பின்னர் 1927இல் சோரனூரிலிருந்து இருப்புப்பாதையும் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1954இல் மீண்டும் போட்டார்கள். தேக்கு மரங்களினூடே செல்லும் அந்த ரயிலில் ஒருமுறையேனும் பயணம் செய்யுங்கள்.

மலபார்த் தேக்கின் மதிப்பை அறிந்தவர்கள் கப்பல் கட்டுவோர். பம்பாய்த் துறையில் அத்தேக்கால் கட்டி, 1817இல் நீரில் இறக்கிய ‘திரிகோணமலை’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதந்து நிற்கிறது. ஆனால் வெட்டுவதற்கு ஓர் அளவு வேண்டுமன்றோ? இருநூறு ஆண்டு வளர்ந்த மரத்தைச் சில நாழிகையில் சாய்த்துவிடலாம். காடு குறையக் குறைய ஆள்வோருக்குக் கவலை பிறந்தது. 1840களில் மலபார் கலெக்டராயிருந்த கனோலி, வெட்டிய இடத்தில் நட்டு வளர்க்க முற்பட்டார். அவர் காலத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியை, 1846இல் நட்ட மரங்களோடு, இன்றும் போற்றிக் காக்கிறார்கள். அதற்குக் கனோலித் தோட்டம் என்றே பெயர்.

1996ஆம் ஆண்டு என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். ஓர் அடிமரத்தை மூன்று பேர் கைகோத்து அணைத்து நின்றார்கள். நானோ சற்றுப் பெருமிதத்துடன், “இவற்றையெல்லாம் நட்டவர் கனோலி” என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பில் வாய் திறவாத பையன் ஒருவன், “ஐயா, கலெக்டர் வேலையையும் பார்த்துக்கொண்டு இத்தனை மரத்தையும் அவர் எப்படி நட்டார்?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அது என் தொழிலுக்கு அடுக்காத செயல் என்பதை அன்றிரவே உணர்ந்தேன்.

பிறகு தேடிப் படித்தேன். தேக்கின் கொட்டையை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். நெஞ்சு உரம் மிக்கது. ஓடு எளிதில் வெடிக்காது. தொடக்க ஆண்டுகளில் விதைத்தவற்றில் பெரும்பாலானவை முளைக்கவேயில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர் சாத்து மேனன் என்னும் வனத்துறை அலுவலர். விதையை நீரில் ஊறவைத்து, பாத்தியில் பாவி, மேலே வைக்கோல் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்து நாற்றெழுப்பி, மழை பிடித்ததும் பெயர்த்து நட்டார்கள். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இதில் வியப்பொன்றுமிராது. ஆயினும் காட்டு மரத்தை நெற்பயிர்போல் நாற்றுவிட்டு நடத் துணிந்தது பெரிய காரியம். 1862 வரை அவருடைய மேற்பார்வையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டன. கனோலியோ 1855இல் கோழிக்கோட்டில் கொலையுண்டார். தேக்கு முற்ற அறுபது ஆண்டு வேண்டும். நட்ட இருவருமே அதன் பயனைக் காணவில்லை.

சாத்து மேனன் பெயரையாவது நூலில் கண்டேன். குழி பறித்தவர், நீர் சுமந்தவர் பெயர்களை எங்கே காண்பது? பல மரம் செறிந்த காட்டை அழித்து ஒரே மரத்தை வரிசையாக நட்டபோது, தேனும் கிழங்கும் அங்கே தேடி வாழ்ந்த பழங்குடியினருக்கு நேர்ந்த இழப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தோட்டத்தின் அழகில் நான் அதனை மறந்திருந்தேன்.

இனி, அவ்வூர் மக்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் நிலம்பூரை அடுத்த கவளப்பாறையில் மலை சரிந்து 59 உயிர்களைக் கொண்டது. மீட்ட உடல்களைப் பரிசோதிக்க இடமில்லாதபோது, போத்துக்கல் பள்ளிவாசலில் தொழுகை நடைபெறும் கூடத்தையே அதற்குத் திறந்துவிட்டார்கள். இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடு அங்கே எழவில்லை.

ஐந்தாண்டு கழித்து, 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன், வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தன. அங்கே மாண்டவர்களைச் சாலியாறு மலையிறக்கிப் போத்துக்கல், முண்டேரிப் பக்கம் கொண்டுவந்தது. பலர் முழு உடலாக வரவில்லை. நிலம்பூர் வட்டாரத்து மக்கள் பல நாட்கள் ஆற்றில் இறங்கித் தேடி, முகமறியாத அம்மனிதர்களைத் துணியில் ஏந்திக் கரைசேர்த்து, நிலம்பூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

சில மாதங்களுக்குப்பின் நான் அங்கே சென்றிருந்தேன். ஆற்றங்கரையில் எண்பது வயது கடந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். இளமையில் தந்தையோடு மரத்தெப்பம் ஓட்டியவர். தேடப்போன பேரப்பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “வெள்ளத்தில் தெப்பம் அவிழ்ந்தால் மரம் எந்தத் திருப்பத்தில் ஒதுங்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்றேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “அங்கேதான் இருந்தார்கள்” என்றார்.