பட்டறையடியில் ஒரு பாடம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊர். அங்கன்வாடியை ஒட்டிய திடலில் பந்தல். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தலைவர் கொடுத்தது இருபது நிமிடம். மைக்கைப் பிடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வெங்காயம் என்ன விலை போவுது?"

கூட்டம் ஒரே குரலில் பதில் சொன்னது, பாதி பேர் திட்டிக்கொண்டே. சின்ன வெங்காயச் சீமையில் விலையைத் தொட்டால் எந்தக் கூட்டமும் பேச்சாளர் பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த கூட்டத்தை அவர் நேரே வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறையடிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஓர் அப்பாயி. காய்ந்த தாளைக் கிள்ளிப் போட்டுவிட்டு வெங்காயத்தைக் கூறு பிரிக்கிறாள். பருத்தது ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், அழுகல் தனி. பக்கத்தில் நாலு வயதுப் பேத்தி. நடுத்தரமாக ஒரு காயைத் தூக்கிக் காட்டி, "இது எதுல அப்பாயி?" என்கிறாள். அப்பாயி பதில் சொல்லவில்லை. இரண்டு கூறிலிருந்தும் ஒவ்வொரு காயை எடுத்து அந்தப் பிஞ்சுக் கையின் இருபுறமும் வைத்தாள். "நீயே பாரு. இது எதுக்குச் சோடி?" பிள்ளை உருட்டிப் பார்த்தது. பொடியில் போட்டது. எடுத்துப் பருத்ததில் போட்டது. திரும்ப எடுத்தது. கடைசியில் தானாகவே மூன்றாவதாக ஒரு கூறு தொடங்கியது.

"அந்த மூணாவது கூறு இருக்கே, தாய்மார்களே..." என்று இழுத்து நிறுத்தினார். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது.

பிரிப்பதும் ஒப்பிடுவதும் ஒன்றுக்கு ஒன்று சோடி சேர்ப்பதும்தான் எண் எழுதுவதற்கு முந்தைய கணக்கு. அவர் அப்படி விளக்கவில்லை. அரிசிப் பானைக்குத் தாவினார். அதே அப்பாயி உலையில் போட அரிசி அளக்கிறாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, படியில் பாதி உரி, கால் உழக்கு, அரைக்கால் ஆழாக்கு. எட்டில் ஒன்றைப் பின்னமாக எழுதப் பள்ளியில் சில வருடம் ஆகும். இங்கே அது பிள்ளையின் கைக்குள் அடங்கும் ஒரு பாத்திரம்.

"அய்யா, எங்க பக்கம் வெங்காயம் ஏது, சிமெண்டு லாரிதான்!" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அரியலூர்க்காரர் கத்தினார். பேச்சாளர் அசரவில்லை. "அதையே எண்ணச் சொல்லுங்கண்ணே! பத்துச் சக்கர லாரியில முன்னால ரெண்டு. பின்னால எத்தனை?" முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்த பொடிசு ஒன்று விரல் விட்டு எண்ணி "எட்டு" என்றது. அந்தக் கைதட்டலோடு இறங்கியிருக்கலாம். இறங்கினால் அவர் மேடைப் பேச்சாளர் இல்லை.

"நூத்துக்குத் தொண்ணூறு வீட்டுல பிள்ளை பக்கத்துல வந்தா, போயி உக்காந்து படின்னு விரட்டுறோம். இல்லேன்னா போனைக் கையில குடுக்குறோம்." இந்தத் தொண்ணூறு யார் எடுத்த கணக்கு என்று எவரும் கேட்கவில்லை. தாய்மார்கள் சிரித்தார்கள், கொஞ்சம் சங்கடமாக. அந்தச் சிரிப்பு அவரைப் பள்ளிப் பலகை வைத்திருப்பவர்கள் மேல் திருப்பியது. பெயர் சொல்லவில்லை. "வாசல்ல பெரிசா மாண்டிசோரின்னு பலகை. உள்ள போனா பெஞ்சு, பிரம்பு, வாயை மூடு!" பத்து நிமிடம் இதிலேயே போனது. தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பினார். பேச்சாளர் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அந்தக் கோபத்தின் வாலைப் பிடித்துத்தான் நல்ல கதை ஒன்று வந்தது. மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907-ல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்ஸோவில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். 1939-ல் பிரம்மஞான சபை அழைத்துச் சென்னை அடையாறுக்கு வந்தார். மறுவருடம் இத்தாலி போரில் குதித்ததும், நாற்பது தாண்டிய மகன் மாரியோவை ஆங்கில அரசு முகாமில் அடைத்தது. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக அதே அரசு மகனை விடுவித்தது. பிள்ளையைப் பிரிந்து கிடந்த தாயின் கதையை இந்தக் கூட்டத்துக்குச் சொன்னால் போதாதா? மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. உடனே அவர் வழிமாற்றினார்: "அந்தம்மா பிள்ளைங்களுக்கு என்ன கத்துக் குடுத்தாங்க? சிந்தாம தண்ணி ஊத்து, பொத்தான் போடு, கூட்டிப் பெருக்கு. நம்ம அப்பாயி செஞ்சது வேற என்ன?"

வேலை வாங்குவதைப் பாடம் என்கிறாரே என்ற முணுமுணுப்பு பெண்கள் பக்கம் எழுந்தது. அதுவும் அவர் காதில் விழுந்துவிட்டது. "நாலு காய் பொறுக்கினா பாடம், நாலு மூட்டை பொறுக்கினா பாவம்!" அன்றைக்குப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பேச்சோடு பேச்சாகப் பிரேசிலுக்கும் போனார். ரெசிஃபே நகரத் தெருவில் தேங்காய் விற்கும் பன்னிரண்டு வயதுப் பையன். காய் 35 க்ரூசேரோ, பத்துக் காய்க்கு எவ்வளவு? மூன்று 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் மூன்று 315, மிச்சம் ஒன்று, ஆக 350. இப்படித் தெருவில் கணக்குப் போட்ட பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள் என்று 1985-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பேச்சாளர் அதோடு விட்டுவிட்டார். மறுபாதிதான் கசப்பு. அதே பிள்ளைகளிடம் அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது சரியானது நூற்றுக்கு 37 மட்டுமே. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட ஆய்வும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைப் பிள்ளைகளிடம் இதையே கண்டது: கடையில் மனக்கணக்கு பிசகாது, பாடப்புத்தகக் கணக்கு ஓடாது. பட்டறையடியில் பிரித்த கூறு தானாக நோட்டுக்குள் ஏறிவிடாது. ஏற்றிவிட ஒரு டீச்சர் வேண்டும், "நேத்து வீட்டுல எத்தனை ஆழாக்கு போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்புகிற டீச்சர். திடலின் ஓரத்தில் பாய்களை அடுக்கிக்கொண்டிருந்த அங்கன்வாடிப் பணியாளரை மேடையிலிருந்த யாரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபது நிமிடம் எழுபதானது. நன்றியுரை சொல்ல வந்தவர் நன்றி மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கியபடி பேச்சாளர் பஸ்ஸுக்கு நடந்தபோது, ஒரு பெண் பின்னாலேயே ஓடிவந்து கேட்டாள்: "அய்யா, அந்த அப்பாயி எந்த ஊரு? பேரு என்ன?"

"பேரா?" என்று நின்றார். "எங்களுக்கு அப்பாயிதாம்மா. ரேஷன் கார்டைப் பாத்தாத்தான் பேரு தெரியும்."