கோட்டை நடுவே ஒரு கோயில்



வேலூர்க் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்தது. கருங்கல் மதிலும் நீர் நிறைந்த அகழியும் சூழ, அதனுள்ளே அருள்மிகு சலகண்டேசுவரர் ஆலயம் விளங்குகின்றது. அதன் கல்யாண மண்டபத்துச் சிற்பங்கள் கண்டாரை வியக்கச் செய்வன.

1806இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டையும் இதுவே. ஆங்கிலேயர் காலத்தில் ஆலயம் படைக்கலச் சாலையாகவும் பயன்பட்டது. மூலவர் இன்றி, வழிபாடின்றி, நெடுங்காலம் கழிந்தது. தொல்பொருள் துறையின் காவலில் கற்கள் பிழைத்தன. ஆனால் கருவறையில் தீபம் இல்லை. 1981ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சத்துவாச்சாரியில் இருந்த இலிங்கத் திருமேனி மீண்டும் உள்ளே எழுந்தருளிற்று. கதவு திறந்தது, மணியோசை கேட்டது.

கல்லைக் காத்திராவிடில் இறைவன் திரும்புதற்கு இல்லம் இராது. அடியார் வாராவிடில் அவ்வில்லம் வெறும் காட்சிப் பொருளே. காத்தலும் திறத்தலும் ஒரே திருப்பணியாம்.

குடமுழுக்குக் காணும் ஒவ்வோர் ஊர்க் கொடையாளரும் இதனைச் சிந்தித்தல் நலம். மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்தால் உளியின் நுண்மை தேயும். வண்ணம் பூசினால் கல்வெட்டின் எழுத்து மறையும். பளபளக்கும் புதுத் தளத்தினும், முதியோரும் நடக்கவியலாதோரும் சன்னிதி அடையச் சாய்வுப் பாதை அமைப்பதே மேலான உபயம். அதுவும் பழங்கல்லைத் துளையாமல் அமைதல் வேண்டும்.

பெயர் பொறித்த பலகை மங்கும். வழி திறந்தார் புண்ணியம் மங்காது. திருவருள் துணை நிற்பதாக!