ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்குச் செல்லும் பள்ளிக் குழுக்கள், பெரும்பாலும் ஏரிக்கரையில் இறங்கிப் படகேறுகின்றன, பகோடா முனையில் நின்று சமவெளியை நோக்குகின்றன, பின்னர் திரும்பிவிடுகின்றன. காடு சூழ்ந்த அம்மலையிலேயே, இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ஆம் ஆண்டு அமைத்த ஆர்க்கிட் தோட்டம் ஒன்று உளது என்பதைப் பலர் அறியார். நாமக்கல் வட்டாரத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றிய நான், மாணவரை அங்கே அழைத்துச் சென்றபோதெல்லாம், மரத்தில் தொற்றி நிற்கும் செடியைக் காட்டி, "இது எதனை உண்டு வாழ்கிறது?" என்று முதலில் வினவுவது வழக்கம்.

"மரத்தைத்தான் ஐயா, புல்லுருவியைப்போல" என்பர். மாமரத்துள் வேர் பாய்ச்சிச் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவ்வாறு கூறுவது இயல்பே. ஆனால் ஆர்க்கிட் அம்மரத்தினிடம் வேண்டுவது தங்குவதற்கு இடம் மட்டுமே. அதன் வேரை உற்று நோக்குங்கள். வெண்ணிறமான, பஞ்சு போன்ற உறை ஒன்று தெரியும். மழைநீரையும் பனியீரத்தையும் அவ்வுறை பற்றிக்கொள்கிறது. நனைந்தவுடன் உட்பசுமை வெளியே தெரிய, வேரே பச்சை நிறம் கொள்ளும். பட்டையிடுக்கில் மட்கிய இலைத்தூள் அதற்கு உரம்.

விதையின் செய்தியோ இன்னும் வியப்புக்குரியது. ஒரே காயில் ஆயிரக்கணக்கான விதைகள். எல்லாம் தூசியைப்போல் நுண்ணியவை. நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல் அவற்றுள் முளைக்கு வேண்டிய உணவு இல்லை. தக்க பூஞ்சை ஒன்று வந்து ஊட்டினாலன்றிக் காட்டில் அவ்விதை செடியாகாது. ஆகவே, ஒன்றைப் பிடுங்கினால் மற்றொன்று விரைவில் முளைத்துவிடும் என்று எண்ணுதல் பொருந்தாது. அகத்தியமலைப் பகுதியில் செருப்பு வடிவான மஞ்சள் மலர் பூக்கும் பாபியோபெடிலம் துரூரி என்னும் ஆர்க்கிட்டைச் சேகரிப்போர் அகழ்ந்து சென்றமையால், காட்டில் அது அற்றே போயிற்றென்று அறிஞர் கருதிய காலமும் உண்டு. 1970-களில்தான் அது மீண்டும் அங்கே கண்டறியப்பட்டது.

மேகாலய மலைகளுக்குரிய குடுவைச் செடியையும் இத்தோட்டத்தில் காணலாம். இலைநுனியே குடமாகிப் பூச்சிகளை வீழ்த்திச் செரிக்கிறது. குடத்தினுள் விரலை விட்டுப் பார்க்க விழைவோர் எல்லா வகுப்பிலும் இருவர் உளர்! வளங்குன்றிய மண்ணில் கிட்டாத நைட்ரஜனை அது பூச்சியிடம் பெறுகிறது. வேறு கொடுமை ஏதும் அதன்பால் இல்லை.

இன்னொன்று. காப்பித் தோட்டங்கள் பெருகுவதற்கு முன் நம் மலையில் எத்தகைய காடு இருந்தது என்று அறிய விரும்புவோர், வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்னும் சிறு மரத்தைப் பற்றித் தோட்டத்தாரிடம் கேளுங்கள். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய அது, இன்று அருகிவரும் இனங்களுள் ஒன்று. குறிப்பேட்டில் அதன் இலையை வரைந்துகொள்ளுங்கள், பறிக்க வேண்டா. படகு மாலையிலும் கிடைக்கும்.