ஏடு இரண்டு, வீடு ஒன்று

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வேயில் டிக்கெட் வழங்கும் எழுத்தர், பணிக்கு அமருமுன் தம் சட்டைப்பையிலுள்ள சொந்தப் பணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும் என்பது விதி. இரண்டும் கலந்துவிடலாகாது என்பதே அதன் கருத்து. இவ்விதியை நான் கற்ற நாளில் என் தந்தையாரின் குழித்தறியே நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் வீட்டில் அடுக்களையும் தறியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பணத்திற்கும் ஒரே பெட்டிதான். உண்ணும் வேளையிலும் நூல் விலையே பேச்சு. நூல் வாங்க வைத்திருந்த முதல், தமக்கையாரின் திருமணத்தில் செலவாயிற்று. எவரும் தவறிழைக்கவில்லை, ஆயினும் தறி நின்றது. நான் வேலை தேடி ரயிலேறினேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட இயலாது; தறிக்குழியிலும் நீர் ஊறும். ஆண்டுதோறும் வரும் மழைக்குச் சித்திரையிலேயே ஒரு தொகை ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை.

மற்றொன்று. விடியுமுன் எழுந்து சமைத்து, இரவுவரை தார் சுற்றிய என் அன்னையாரின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. எழுதாத கூலியை இலாபமென்று எண்ணி மகிழ்ந்தோம். 2019–20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் பெண்களே.

இக்குடியிருப்பில் நம்மில் பலருக்கு, ஊரில் தறியோ செக்கோ கடையோ நடத்தும் உடன்பிறந்தார் உண்டு. அவர்களுக்குப் பணம் அனுப்புகையில், 'இது வீட்டிற்கு, இது தொழிலுக்கு' என்று பிரித்தெழுதுவோம். அன்னையர் கூலியையும் எழுதச் சொல்வோம். ஏடு இரண்டானால்தான் வீடு ஒன்றாக இருக்கும்.