நிற்கும் வாகனங்களுக்கு இடையே

(கொண்டச்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொண்டச்சியில் நின்றுகொண்டு வாகன நெரிசலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். மாட்டு மந்தை குறுக்கிட்டாலன்றி இங்கு வண்டிகள் நிற்பதில்லை என்பது மெய்யே. ஆயினும், கொழும்பு மாநகரில் சமிக்ஞை விளக்கின் முன் நிற்கும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் நுழைந்து செல்வோருள் நம் பிள்ளைகளும் உளர். நாட்டில் பதிவான வாகனங்களில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. உழவர் உரமூட்டை ஏற்றுவதும், ஆசிரியர் பள்ளி செல்வதும் அதிலேதான். ஆகவே இது செல்வர் வீட்டு வழக்கன்று.

இடையே புகுந்து செல்பவன் மோதுண்டால் பழி யாருடையது? 1966இல் இங்கிலாந்தில், பால் ஏற்றிய வண்டியின் சாரதி கைகாட்ட, பக்கத் தெருவிலிருந்து வந்த கார் நின்ற வரிசையினூடே வெளிப்பட்டது. வரிசையைக் கடந்து வந்த மோட்டார் சைக்கிள் அதில் மோதியது. நூற்றுக்கு 80 பங்கு தவறு சைக்கிளோட்டியுடையது என்றது நீதிமன்றம். 2006இல் மற்றொரு வழக்கு: வரிசையில் நின்ற கார் திடீரெனத் திரும்பியது, முழுப்பொறுப்பும் காரோட்டி மீதே சுமத்தப்பட்டது. நம் நாட்டிலும் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தவறு பங்கிடப்படும். கால் முறிந்தவனின் நட்டஈடு அந்தப் பங்கினளவு குறையும். வழக்குப் பெருகுதல் எம்போன்ற சட்டத்தரணிகளுக்கு இலாபமே! ஆனால் விபத்துக்குப் பின் நீதிமன்றம் வகுக்கும் எல்லையை, விபத்துக்கு முன்னரே சட்டம் வகுத்தாலென்ன?

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 யூலை 1 முதல் அதனைச் செய்தது. நின்ற அல்லது மெல்ல ஊரும் வாகனங்களுக்கு இடையே மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்படாமற் செல்லலாம். முழு அனுமதிப்பத்திரம் பெற்றோருக்கே இவ்வுரிமை, பயில்வோருக்கில்லை. வீதியோரக் கரைக்கும் வாகனத்துக்கும் இடையே நுழைதல் ஆகாது. கலிபோர்னியாவும் 2016இல் இதனைச் சட்டத்தில் ஏற்றது.

நம் மோட்டார் வாகனச் சட்டமோ 1951இல், இரு சக்கர வண்டிகள் இவ்வளவு பெருகாத நாளில் எழுந்தது. அதனுள்ளும் இத்தகைய தெளிவான விதி வரவேண்டும். அனுமதிப்பத்திரப் பரீட்சையில் அது கேட்கப்படவும் வேண்டும். பொலிஸ்காரர் ஒருவர் கண்டும் காணாதிருக்க, மற்றொருவர் தண்டம் எழுதும் நிலை குடிமக்களுக்கு நீதியாகாது.

விதி வரும்வரை இளைஞர்க்கு ஒன்று சொல்வோம். லொறிச் சாரதியின் கண்ணாடிக்குப் புலப்படாத இடம் உண்டு. அங்கே ஒட்டி நில்லாதீர். நின்ற பஸ்ஸின் இடப்பக்கத்தால் ஒருபோதும் நுழையாதீர். பயணிகள் இறங்கும் வாயில் அங்கேதான் இருக்கிறது.